மகளுக்குச் சொந்தமாக ஒரு மின்னஞ்சல் முகவரி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வரப்போரம்

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த என் மகளின் கல்லூரி விண்ணப்பத்திற்காக, ஒரு பிரௌசிங் சென்டரில் மின்னஞ்சல் முகவரி தொடங்கிக் கொடுத்தார்கள். அங்கிருந்த ஊழியர் அவசரத்தில் தம்முடைய கைபேசி எண்ணையே கணக்கில் பதிந்துவிட்டார் என்பதும், கடவுச்சொல் எங்களிடம் இல்லை என்பதும், சேர்க்கைக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டதாகக் கல்லூரியில் சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த ஊழியரும் இப்போது வேலையை விட்டுப் போய்விட்டார். இனி நாங்களே ஒன்றைத் தொடங்கலாம் என்று நினைக்கிறோம். ஆனால் எனக்கு அடிப்படையே தெரியாது. முகவரியின் நடுவில் வரும் சுழி (@) எதற்கு? பெயரைத் தமிழில் எழுதலாமா? பணம் கட்ட வேண்டுமா?

மறுமொழி: பழைய ஆர்.எம்.எஸ்.காரன்

ஐயா, சுழியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கடிதங்களைப் பிரிக்கும் இடத்தில் வேலை பார்த்தவன் நான். உறையைக் கையில் எடுத்ததும் நாங்கள் பெயரைப் பார்ப்பதில்லை. கடைசியில் உள்ள பின்கோடைத்தான் பார்ப்போம். 641 என்று தொடங்கினால் அது கோவைக் கட்டில் விழும். பெயரும் கதவு எண்ணும் அந்த ஊர்த் தபால்காரருக்குத்தான் வேண்டும். மின்னஞ்சலும் அப்படித்தான். சுழிக்கு வலப்பக்கம் இருப்பது எந்த நிறுவனத்தின் கணினிக்குக் கடிதம் போக வேண்டும் என்பதையும், இடப்பக்கம் இருப்பது அங்கே யாருடைய பெட்டியில் அதைப் போட வேண்டும் என்பதையும் சொல்கின்றன. அதனால்தான் இடப்பக்கப் பெயர் ஒன்றாகவே இருந்தாலும், ஜிமெயிலில் அது ஒருவருக்கும் யாஹூவில் வேறொருவருக்கும் உரியதாக இருக்க முடிகிறது.

1971இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், ஆட்களின் பெயர்களில் எங்கும் வராத குறி என்பதால் இந்தச் சுழியைத் தேர்ந்தெடுத்தார். நம் ஊரில் இதை ‘அட் தி ரேட்’ என்று சொல்லிச் சொல்லி, விண்ணப்பப் படிவத்தில் குறியைப் போடாமல் அந்தச் சொற்களையே எழுதி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முகவரிக்கு முன்னால் மூன்று டபிள்யூ போடுவதும் அதே வகைத் தவறுதான். அது இணையதளத்திற்கு உரியது.

மறுமொழி: கணினி ஆசிரியை

பழைய கணக்கை உடனே கைவிட்டுவிடாதீர்கள். அதை முதன்முதலில் திறந்த அதே கணினியில் அமர்ந்து கணக்கு மீட்புக்கு முயன்றால், வேறிடத்திலிருந்து முயல்வதைவிட வாய்ப்பு அதிகம். அது கைகூடாவிட்டாலும் புதிய முகவரியைத் தொடங்கி, கல்லூரிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

ஜிமெயில் தொடங்கப் பணம் எதுவும் இல்லை. 15 ஜிபி இடம் இலவசமாகக் கிடைக்கிறது. முகவரியை ஆங்கில எழுத்துகள், எண்கள், புள்ளி ஆகியவற்றால் மட்டுமே, 6 முதல் 30 எழுத்துகளுக்குள் அமைக்க வேண்டும். ஆனால் கடிதம் பெறுபவருக்குத் தெரியும் பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். மகளின் பெயரும் தலைப்பெழுத்தும் கிடைத்தால் அதுவே போதும். அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது என்று காட்டினால், பிறந்த ஆண்டைச் சேர்க்காமல் ஊர்ப் பெயரைச் சேர்த்துப் பாருங்கள். செல்லப் பெயரில் தொடங்கிவிட்டு, பின்னர் வேலை விண்ணப்பத்தில் அதை எழுதக் கூசும் மாணவிகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

நீங்கள் தடுக்கி விழுந்த இடம் மீட்பு எண். கடவுச்சொல் மறந்தால் உண்மையான உரிமையாளர் யார் என்பதைக் கணக்கு பெரும்பாலும் அந்த எண்ணைக் கொண்டுதான் அறிகிறது. ஆகவே மகளின் எண்ணையே கொடுங்கள், கூடவே உங்கள் மின்னஞ்சலையும் மீட்பு முகவரியாகச் சேருங்கள். கடவுச்சொல்லை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைப்பதில் தவறே இல்லை. கைபேசியில் மட்டும் எழுதி வைத்தால், கைபேசி தொலையும் நாளில் அதுவும் தொலைந்துபோகும். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும், நான் கேட்டாலும், சொல்ல வேண்டாம்.

மறுமொழி: திண்ணை

இரண்டு சிறு சேர்க்கைகள். பிறந்த தேதியை ஏதோ ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள். 13 வயதுக்குக் குறைவு என்று கணக்கில் பதிந்தால் சிக்கல் வரும். கல்லூரிக் கடிதம் வரவில்லை என்று தோன்றினால் வேண்டாத அஞ்சல்கள் ஒதுக்கப்படும் ஸ்பேம் பெட்டியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே விழுந்தவை 30 நாளில் தாமாக அழிந்துவிடும்.

மறுமொழி: வரப்போரம்

மூவருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்னபடி நேற்று அதே கடையில் அதே கணினியில் உட்கார்ந்தோம். மீட்பு முயற்சிக்கே தேவை வரவில்லை. இத்தனை நாள்களாக மகளின் கணக்கு அங்கே மூடப்படாமல் திறந்தே கிடந்தது! யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம் என்று நினைக்கும்போது பகீர் என்றது. சேர்க்கைக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டோம். ஆனால் எண்ணை மாற்றப் போனபோது பழைய கடவுச்சொல்லைக் கேட்டதால் அதற்கு மேல் நகர முடியவில்லை. கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு வந்தோம். வீட்டில் மகளின் கைபேசியிலேயே புதிய முகவரியைத் தொடங்கி, கல்லூரி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மாற்றியாயிற்று. கடவுச்சொல் எழுதிய நோட்டு இப்போது ரேஷன் அட்டையோடு பெட்டியில் இருக்கிறது.