மழையா, பனிப்பொழிவா? கணிக்க உதவுங்கள்

நண்பர்களே, நாளை இரவு முன்னறிவிப்பில் ஒரு சிக்கல். காற்றழுத்தம் 850 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் மட்டத்தில் (சுமார் 1.5 கி.மீ. உயரம்) -3 டிகிரி செல்சியஸ். தரையில் +2, பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) -5. ஈரக்குமிழ் வெப்பநிலை (நீர் ஆவியாவதால் காற்று எவ்வளவு வரை குளிர முடியும் என்ற அளவு) 0-க்குச் சற்றுக் கீழே வருகிறது. அதனால் மழையாகத் தொடங்கினாலும், துளிகள் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்க, சீக்கிரமே பனியாக மாறும் என்றே தோன்றுகிறது.

ஆனால் கடலிலிருந்து பலத்த காற்று திரும்பினால்? தரையோரம் வெப்பமும் ஈரமும் ஏறி, அந்தக் குளிர்ச்சியே நடக்காது. விடிய விடிய மழைதான். காற்று திரும்பும் நேரத்தை எதை வைத்துப் பிடிக்கிறீர்கள்? மணிக்கொரு முறை பனிநிலையைப் பார்த்தால் போதுமா?

இன்னொன்று: 10 மி.மீ. நீருக்கு 10 செ.மீ. பனி என்று கணினி முன்னறிவிப்பு மாடல் காட்டுகிறது. இது ஈரப்பனி, பாதி உருகியே விழும். 6 செ.மீ. என்று எழுதலாமா?