எல்.டி.எல். குறைந்தும் சி.ஆர்.பி. குறையவில்லை: இதயத்துக்குக் கோல்சிசின் ஏன்?

கேள்வி: கொருக்குப்பேட்டை மகன்

அப்பாவுக்குச் சென்ற ஆண்டு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அடோர்வாஸ்டாட்டினைத் தவறாமல் சாப்பிடுவதால் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு 58-க்கு வந்துவிட்டது, உடலுக்குள் அழற்சி (திசுக்களின் வீக்க எரிச்சல்) இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. மட்டும் 4-ஐ விட்டு இறங்கவில்லை. இப்போது மருத்துவர் நாள்தோறும் 0.5 மி.கி. கோல்சிசின் எழுதியிருக்கிறார். கவுட் மூட்டுவலிக்கான மாத்திரை இதயத்துக்கு எதற்கு என்று மருந்துக் கடையிலேயே கேட்கிறார்கள். போதாக்குறைக்கு, அது கண்வலிக்கிழங்கின் விஷம் என்று பெரியம்மா சொன்னதிலிருந்து அப்பா அதைத் தொட மறுக்கிறார். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: பெரம்பூர் ஆசிரியை

இரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்த எல்.டி.எல். துகள்களை அப்புறப்படுத்த மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளையணுக்கள் வருகின்றன. அளவுக்கு மீறி விழுங்கியபின் நுரைச் செல்களாக மாறி அங்கேயே தங்கிவிடுகின்றன. அவற்றுக்குள் சேரும் கொலஸ்டிரால் படிகங்கள் என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதத் தொகுதியைத் தூண்ட, அழற்சியை உண்டாக்கும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதம் வெளியாகிறது. அது இன்டர்லூக்கின்-6-ஐக் கூட்ட, அதன் ஏவலில் கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது. ஆகவே சி.ஆர்.பி. நெருப்பன்று, புகை; நெருப்பு அந்த அழற்சிதான். இதற்கிடையே அதே வெள்ளையணுக்கள் சுரக்கும் நொதிகள் கொழுப்புப் படிவின் மேல்மூடியை அரிக்கின்றன; மூடி கிழிந்த இடத்தில் இரத்தம் உறைவதால்தான் பெரும்பாலான மாரடைப்புகள் நேர்கின்றன. கோல்சிசின் வெள்ளையணுக்களின் நடமாட்டத்தையும் அந்தப் புரதத் தொகுதியையும் ஒருசேர மட்டுப்படுத்துகிறது.

ஈறு வீக்கமோ சளிக்காய்ச்சலோ இருந்தாலும் சி.ஆர்.பி. ஏறும் என்பதால், சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது. புகைபிடித்தலும் காற்றிலுள்ள நுண்துகள்களும் இதே அழற்சியைக் கூட்டுபவை. மணலி, எண்ணூர்ப் பக்கம் வசிப்பவர்களுக்கு இதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பதில்: ராயபுரம் வாசகர்

அழற்சியைக் குறைத்தாலே மாரடைப்பு குறையும் என்பதை 2017-இல் வெளிவந்த கேன்டோஸ் ஆய்வு காட்டியது. மாரடைப்பு கண்ட பத்தாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற அதில், இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கானகினுமாப் ஊசி எல்.டி.எல்.-ஐத் தொடாமலேயே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகளை ஏறத்தாழ 15 சதவீதம் குறைத்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின. விலையோ எட்டாத உயரம். அழற்சியைக் குறைக்கும் மற்றொரு மருந்தான மெத்தோட்ரெக்சேட் பலன் தரவில்லை. மலிவான கோல்சிசினோ 2019-இல் கோல்காட் ஆய்வில் 23 சதவீதமும், 2020-இல் லோடோகோ2 ஆய்வில் 31 சதவீதமும் குறைத்தது. 2023-இல் அமெரிக்காவும் இதய நோய்க்கு இதை அனுமதித்தது. எனினும் ஏழாயிரம் பேரைக் கொண்ட 2024-ஆம் ஆண்டு கிளியர் ஆய்வில், மாரடைப்பு வந்த உடனே தொடங்கியவர்களுக்குப் பலன் தெரியவில்லை. என் கருத்தில், நோய் நிலைப்பட்டவர்களுக்கே இதன் சான்று வலுவாக உள்ளது. உங்கள் தந்தையும் அவ்வகையினரே. ஸ்டாட்டினையும் ஆஸ்பிரினையும் நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடக் கூடாது.

பதில்: வண்ணாரப்பேட்டை மருந்தாளுநர்

பெரியம்மா சொன்னது பொய்யில்லை. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கே கண்வலிக்கிழங்கு; அதிலும் அச்செடியின் விதையிலும் இருப்பது கோல்சிசின்தான். கிழங்கைத் தின்றால் உயிரே போகலாம், ஏனெனில் அதில் அளவு யார் கையிலும் இல்லை. மாத்திரையில் அளவு உண்டு. ஆனால் பாதுகாப்பான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. எனவே தொடங்குமுன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பாருங்கள். சிறுநீரகமோ கல்லீரலோ கடுமையாகப் பழுதுபட்டிருந்தால் இது ஆகாது. சளிக்கென்று கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதினால், கோல்சிசின் சாப்பிடுவதை அந்த மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்; இரண்டும் சேர்ந்து உயிரிழந்தவர்கள் உண்டு. தொடக்கத்தில் வயிற்றுப்போக்கு வரலாம். ஸ்டாட்டினும் உடன் இருப்பதால், தசைவலியோ தளர்ச்சியோ தோன்றினால் அடுத்த மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.