தோல்விக்கு ஒரு சாம்பா பாட்டு உண்டா?

நண்பர்களே, 2014 ஜூலை 8 அன்று பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியை மீண்டும் பார்த்துத் தொலைத்தேன். பிரேசில் 1, ஜெர்மனி 7. அதில் 23ஆம் நிமிடத்திலிருந்து 29ஆம் நிமிடத்துக்குள் மட்டும் நான்கு கோல்கள்! தேசிய கீதத்தின்போதே, காயமடைந்த நட்சத்திர வீரர் நெய்மரின் சட்டையைப் பிரேசில் வீரர்கள் ஏந்தி நின்றார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே துக்கம் அனுசரித்தால் அணி எப்படி உருப்படும்?

போட்டிச் செலவை எதிர்த்து 2013இலேயே மக்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். இந்தத் தோல்வி அப்போதைய பிரேசில் அதிபர் டில்மா ரூசெஃபையும் கவிழ்த்துவிடும் என்றே நினைத்தேன். அவரோ அக்டோபர் தேர்தலில் மீண்டும் வென்றார்.

என் கேள்வி இசை பற்றியது. 1919இல் உருகுவேயை 1-0 என வென்றதைக் கொண்டாடிப் பிரேசில் இசைக்கலைஞர் பிஷிங்கின்யா, ஷோரோ என்னும் அந்நாட்டு இசை வடிவில் துள்ளலான ஒன்றை அமைத்தார். 1950 உலகக் கோப்பையில் உருகுவேயிடம் தோற்றது, இந்த 2014 தோல்வி ஆகியவற்றைப் பற்றி ஏதேனும் பாட்டு தெரியுமா? வரிகளின் பொருளும் கிடைத்தால் நல்லது. ஆறுதல் பாட்டு வேண்டாம். வசைபாடுவதாக இருந்தால் இன்னும் மகிழ்ச்சி.