புதுப்பிப்பு: ரிப்பீட்டர் கரகரப்பு டூப்ளெக்சரால் வந்ததல்ல

எங்கள் இரண்டு மீட்டர் அமெச்சூர் வானொலி ரிப்பீட்டரில் (ஒரு அலைவரிசையில் வாங்கும் சிக்னலை அதே நேரத்தில் இன்னொன்றில் திரும்ப அனுப்பும் நிலையம்) டிரான்ஸ்மிட்டர் ஏறியதும் பலவீனமான நிலையங்கள் கரகரத்து மறைகின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். அனுப்பும், கேட்கும் அலைவரிசைகளுக்கு இடைவெளி வெறும் 600 கிலோஹெர்ட்ஸ் என்பதால், ஒரே ஆன்டெனாவில் இரண்டையும் பிரித்து வைக்கும் வடிகட்டியான டூப்ளெக்சரைத்தான் பலரும் சந்தேகித்தீர்கள்.

டூப்ளெக்சரின் ஆன்டெனா முனையில் டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை உள்வாங்கும் சுமை) மாட்டி, தனிமைப்படுத்திய டீ (சோதனைச் சிக்னலைக் கொஞ்சமாக உள்ளே விடும் இணைப்பான்) வழியாக மிக மெல்லிய சிக்னலைச் செலுத்திப் பார்த்தோம். டிரான்ஸ்மிட்டர் ஓடினாலும் நின்றாலும் ரிசீவர் ஒரே மாதிரி கேட்டது. ஆன்டெனாவைத் திரும்ப இணைத்ததும் கரகரப்பு வந்துவிட்டது. ஆக, கோளாறு டூப்ளெக்சரைத் தாண்டித்தான். டியூனிங் திருகுகளைத் தொடும் முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள், தயவுசெய்து!

அப்புறம் கேபிளை ஒவ்வொரு இடமாக அசைத்தோம். டூப்ளெக்சரிலிருந்து மேலே போகும் இணைப்புக் கேபிளைத் தொட்டதும் இரைச்சல் துள்ளியது. அது அலுமினியத் தகடும் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னலும் கொண்ட வகை. இரு உலோகங்கள் உரசும் இடத்தில், அனுப்பும் சக்தி பாயும்போது அகலப்பட்டை இரைச்சல் பிறக்கிறது. அது நேராக ரிசீவர் அலைவரிசையில் விழுகிறது. ஒரே நேரத்தில் அனுப்பவும் கேட்கவும் செய்யாத சாதாரண நிலையத்தில் இது தெரியவே தெரியாது.

வெள்ளி பூசிய இரட்டைப் பின்னல் கொண்ட ஆர்ஜி-214 கேபிளைப் போட்டதும் பெரும்பகுதி தீர்ந்தது. காற்றடிக்கும்போது மட்டும் லேசாக மிச்சம் இருக்கிறது. கோபுரத்தில் துருப்பிடித்த கிளாம்புகளை அடுத்து மாற்றப்போகிறோம்.