விரல் நுனிக்குத் தெரியாதது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 18 ஆண்டுகள் திருமணப் பத்திரிகைகளை ஸ்கிரீன் பிரிண்டிங் (வலைத்திரை வழியே மையை இழுத்து அச்சிடும் முறை) செய்தவன் என்பதால், தெருவோவியர்கள் கையொப்பமிட்டு எண்ணிக்கை வரையறுத்து வெளியிடும் அச்சுப்படிகளைச் சேகரிக்கத் தொடங்கியபோது, கண்ணைவிட விரல் நுனியையே நான் நம்பினேன். சென்ற ஆண்டு புதுச்சேரி மிஷன் வீதிக்கு அருகில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

காலஞ்சென்ற தம் சித்தப்பா (பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய சொல்தா) பாரிசிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்லி, ஒருவர், முகம் காட்டாத பிரிட்டிஷ் தெருவோவியர் பாங்க்ஸியின் ‘கேர்ள் வித் பலூன்’ (சிவப்புப் பலூனை நோக்கிக் கைநீட்டும் சிறுமி) படியைக் காட்டினார். 2004இல் வெளியான அந்த அச்சில் கையொப்பமிட்டவை 150, கையொப்பமில்லாதவை 600. அவர் படியில் பென்சில் கையொப்பமும் 150க்குள் அடங்கும் எண்ணும் இருந்தன. ஆஃப்செட்டில் அடித்த படமாக இருந்தால் லென்ஸில் புள்ளிகள் தெரியும். ஸ்கிரீனில் இழுத்த மையோ காகிதத்தின்மேல் மெல்லிய தோல்போலப் படிந்து சீராக நிற்கும். சிவப்புப் பலூனில் ஒரு புள்ளிகூட இல்லை. விரலுக்கு மை தட்டுப்பட்டது. சாய்த்துப் பார்த்தால் பென்சில் அழுந்திய தடமும் மின்னியது. எனக்கு வியர்த்துவிட்டது.

பிறகுதான் உறைத்தது. கறுப்புக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என இரண்டே ஸ்கிரீன் போதும். அந்தப் படத்தை நானே ஒரு பிற்பகலில் அடித்துவிடுவேன். அசலே என்றாலும், கையொப்பமில்லாத 600இல் ஒன்றின்மேல் பின்னாளில் யாரோ எழுதியிருக்கலாம். ஆகவே, பாங்க்ஸியின் படைப்புகளுக்குச் சான்று வழங்கும் பெஸ்ட் கன்ட்ரோலின் சான்றிதழைக் கேட்டேன். டயானாவின் முகம் அச்சிட்ட போலிப் பத்துப் பவுண்டு நோட்டின் கிழித்த பாதி அதில் இணைக்கப்பட்டிருக்கும். மறுபாதி அந்த அமைப்பிடமே இருக்கும். காகிதங்கள் பாரிசில் உறவினர் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். இரண்டு மாதம் காத்திருந்தும் எதுவும் வரவில்லை, நான் வாங்கவில்லை.

அவர் பொய் சொன்னதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை; சித்தப்பாவையே எவரோ ஏமாற்றியிருக்கலாம். அந்தப் படி இப்போது அவர் வீட்டுக் கூடத்தில், சித்தப்பாவின் படைப் பதக்கத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கடற்காற்றின் ஈரத்தில் பழுப்புப் புள்ளி விழாதிருக்க, பின்னால் அமிலமற்ற அட்டை வைத்துச் சட்டமிட்டுக் கொடுத்தது நான்தான். கூலி வாங்க மனம் வரவில்லை.