துருக்கியின் லிசியக் கடற்கரை: பத்து நாளும் வழிகாட்டி தேவையா?

செங்காங் வாசி எழுதியது:

வணக்கம். வரும் ஜூன் பள்ளி விடுமுறையில் துருக்கியின் தென்மேற்குக் கடலோரத்துக்கு, அதாவது அந்தாலியாவுக்கும் ஃபெத்தியேவுக்கும் இடைப்பட்ட பழைய லிசிய நாட்டுக் கரைக்கு, சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் செல்ல எண்ணியுள்ளோம். நாங்கள் ஐவர்: நான், மனைவி, தொடக்கக் கல்லூரி முதலாண்டில் இருக்கும் மகன், உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள், 71 வயதான என் தந்தையார். இஸ்தான்புல்லையும் கப்படோசியாவையும் திருமணமான புதிதில் நாங்கள் இருவரும் பார்த்துவிட்டதால், இம்முறை கடலும் மலையும் போதும் என்று முடிவு செய்தோம்.

நாங்கள் விசாரித்த பயண முகவர் ஒருவர், பேருந்து, விடுதி, உணவு, ஆங்கிலம் பேசும் வழிகாட்டி எல்லாம் அடங்கிய குழுப் பயணத்தையே பரிந்துரைக்கிறார். மகனோ, வாடகைக் காரில் நாமே போய், தேவையான இடத்தில் மட்டும் உள்ளூர் ஒருநாள் சுற்றுலாக்களில் சேர்ந்துகொள்ளலாம் என்கிறான். அவன் போட்டுள்ள வரிசை இது: அந்தாலியாவில் இறங்கி, முதலில் தஹ்தாலி மலைக் கேபிள் கார், பிறகு கேகோவாவில் கடல் கயாக், காஷ் நகரில் இரண்டு நாள் முக்குளிப்பு (மலேசியாவின் தியோமான் தீவில் கற்றுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறான்), அதற்கு மறுநாள் காலை ஓலுடெனிஸில் பாராகிளைடிங், கடைசியாகத் தாலமானிலிருந்து விமானம். நடுவில் ஒரு பிற்பகல் காஷுக்கு எதிரே இருக்கும் மெய்ஸ் என்ற கிரேக்கத் தீவுக்கும் படகில் போய்வர வேண்டுமாம்.

இவற்றுள் எதற்கு வழிகாட்டி உண்மையாகவே தேவை, எதை நாமே செய்யலாம் என்பதுதான் என் கேள்வி. தந்தையார் சைவ உணவுக்காரர். மெதுவாக நடப்பார், ஆனால் நடப்பார். ஜூன் வெயிலைப் பற்றியும் அறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

---

ஈசூன் நடையர் எழுதியது:

நான் இந்தக் கரையில் ஒருமுறை ஏப்ரலிலும் ஒருமுறை ஜூனிலும் நடந்திருக்கிறேன்; இரண்டும் ஒரே ஊர்தானா என்று ஐயம் கொள்ளும் அளவுக்கு வேறுபாடு இருந்தது. லிசியப் பாதை என்பது ஃபெத்தியே அருகே தொடங்கி அந்தாலியா வரை 500 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நடைபாதை. பழைய ரோமானியச் சாலைகளையும் ஆடு மேய்ப்போரின் தடங்களையும் இணைத்து 1999இல் திறந்தார்கள். பாறைகளிலும் மரங்களிலும் சிவப்பு வெள்ளைக் கோடுகள் தீட்டியிருப்பார்கள். சிவப்பில் பெருக்கல் குறி கண்டால் அது தவறான வழி. அந்தக் குறிகளைப் பார்த்து நடக்கத் தெரிந்தவருக்கு வழிகாட்டி தேவையில்லை. ஆனால் ஜூனில் முழுநாள் நடையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 163 மீட்டர் புக்கிட் தீமா குன்றில் ஏறி இறங்கிய பயிற்சி, நிழலற்ற சுண்ணாம்புக்கல் சரிவில் 400 மீட்டர் ஏறும்போது கைகொடுக்காது. வெயிலும் நம் ஊர் வெயில் அன்று. இங்கே சட்டை நனைந்து ஒட்டிக்கொள்வதால் நீர் இழப்பது தெரிகிறது. அங்கே காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை உடனே காய்ந்துவிட, தலைவலி வந்த பிறகுதான் தண்ணீர் குடிக்க மறந்தது நினைவுக்கு வரும். பாதையோரம் வட்டக் கூரை போட்ட பழைய நீர்த்தொட்டிகள் இருக்கும். அவற்றை நம்பிப் போக வேண்டாம்.

குடும்பமாக நடக்க விரும்பினால் கயாகோயிலிருந்து ஓலுடெனிஸ் வரையிலான வழியைத் தேர்ந்தெடுங்கள். கயாகோய், 1923இல் கிரீஸும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டபோது காலியான கிரேக்கர்களின் ஊர். கூரையில்லாத நூற்றுக்கணக்கான கல்வீடுகள் ஒரு மலைச்சரிவு முழுக்க அப்படியே நிற்கின்றன. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால், வெயில் ஏறுமுன் பைன் காட்டின் வழியே கடற்கரைக்கு இறங்கிவிடலாம். தந்தையார் ஊரை மட்டும் பார்த்துவிட்டு, உங்களில் ஒருவருடன் காரில் வந்து சேரட்டும். பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு மணி வரை அறையில் உறங்குங்கள். ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டு மணிக்கு மேல் ஆகும் என்பதால் எதையும் இழக்க மாட்டீர்கள்.

கேகோவா வேறு கதை. அங்கே கட்டாயம் வழிகாட்டியுடன் செல்லுங்கள். கேகோவாத் தீவின் வடகரையில், நிலநடுக்கத்தால் பாதி கடலுக்குள் இறங்கிய பழைய நகரம் ஒன்று இருக்கிறது. படிக்கட்டுகள் நேரே தண்ணீருக்குள் போய் மறைவதைக் கயாக்கிலிருந்து குனிந்து பார்க்கலாம். அந்த இடிபாடுகளின் மேல் நீந்துவதும் முக்குளிப்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. எல்லை எங்கே தொடங்குகிறது என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். உபின் தீவைச் சுற்றித் துடுப்புப் போட்டவர்களுக்கு ஒரு செய்தி: மத்தியதரைக் கடலில் கடல் ஏற்றவற்றம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம், எனவே நீரோட்டத்தோடு போராட வேண்டியதில்லை. ஆனால் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று வலுத்து, திரும்பும் வழியில் எதிரே அடிக்கும். காலையில் புறப்படும் குழுவில்தான் சேர வேண்டும். தந்தையாருக்குக் கயாக் வேண்டாம். ஊச்சாஸ் என்ற கிராமத்திலிருந்து அதே வழியில் செல்லும் சிறு படகுகள் உண்டு. எதிர்க்கரையில் உள்ள சிமேனா கோட்டைப் படிகள் செங்குத்தானவை. கீழே நிழலில் அமர்ந்து, தண்ணீருக்குள் தனியே நிற்கும் லிசியக் கல்லறையைப் பார்த்துக்கொண்டு தேநீர் அருந்துவது அவருக்கு இன்னும் நன்றாக இருக்கும்.

கார் ஓட்டுவது கடினமன்று. வலப்புறம் ஓட்ட வேண்டும் என்பதை வட்டச் சந்திகளில் மட்டும் மறந்துவிடாதீர்கள். ஓலுடெனிஸ் அருகிலுள்ள பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்குக்குப் படகில் மட்டுமே செல்லுங்கள். மேலேயுள்ள ஃபராலியா ஊரிலிருந்து பாறையில் கயிறு பிடித்து இறங்கும் வழி ஒன்று இருக்கிறது, உயிர் போயிருக்கிறது. உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளுக்கு அது இணையத்தில் முதலில் கண்ணில் படும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

---

பழைய பயணி எழுதியது:

முழுக் குழுப் பயணத்தில் போய் வந்தவன் என்ற முறையில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எட்டு நாளில் மூன்று முற்பகல்கள் கம்பளக் கடையிலும் தோல் ஆடைக் கடையிலும் நகைக்கடையிலும் கழிந்தன. பட்டாரா என்ற பழைய லிசிய நகரத்துக்குப் பிற்பகல் இரண்டு மணிக்குக் கொண்டுபோய் இறக்கி, நாற்பது நிமிடத்தில் திரும்பச் சொன்னார்கள். லிசியக் கூட்டணியின் நகரங்கள் பேராளர்களை அனுப்பிக் கூடிய மன்றம் அங்கேதான் இருக்கிறது. அதன் கல் இருக்கைகளை மீட்டுச் சீரமைத்திருக்கிறார்கள். பக்கத்தில் மைல் கணக்கில் நீளும் மணற்கரை. ஆமைகள் முட்டையிடும் காலம் என்பதால் இரவில் அங்கே யாரையும் விடுவதில்லை. மாலை ஐந்து மணிக்குச் சென்றிருந்தால் இரண்டையும் நிதானமாகப் பார்த்திருப்பேன். விலை குறைவாக இருந்ததன் காரணம் அந்தக் கடைகள்தாம் என்பது பிறகுதான் உறைத்தது.

ஆகவே உங்கள் மகன் சொல்வதே சரி என்பது என் கருத்து. ஆனால் உள்ளூரில் யாரிடம் பணம் கொடுக்கிறோம் என்பதைப் பாருங்கள். துருக்கியில் சுற்றுலா விற்கும் நிறுவனங்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி துர்சாப் என்ற சங்கத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். தொல்லியல் இடங்களில் விளக்கம் சொல்லும் வழிகாட்டிக்கும் தனி உரிமம் உண்டு. 'கோகார்ட்' என்ற அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். மைராவின் பாறைக் கல்லறைகளுக்கும், கிறிஸ்துமஸ் தாத்தா கதைக்கு மூலமான புனித நிக்கோலசின் டெம்ரே தேவாலயத்துக்கும் அப்படி ஒருவரை அரைநாள் அமர்த்திக்கொள்வது வீண்செலவன்று. நானே போய்ப் பார்த்தபோது எனக்குக் கல்தான் தெரிந்தது. இன்னொன்று: இடிபாடுகளில் கிடக்கும் ஓட்டுச்சில்லையோ செதுக்கிய கல் துண்டையோ நினைவாகப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அங்கே அது குற்றம்; விமான நிலையத்தில் பிடிப்பார்கள்.

---

தெம்பனிஸ் தாயார் எழுதியது:

உணவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எங்களைப் போன்ற முஸ்லிம் குடும்பத்துக்கு அங்கே தேடி அலைய வேண்டிய நிலை இல்லை. உங்கள் தந்தையாருக்குத்தான் சற்றுக் கவனம் வேண்டும். ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துப் பரிமாறும் காய்கறி வகைகள் எல்லாச் சிற்றுணவகங்களிலும் கிடைக்கும். கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்து இரும்புத் தட்டில் சுடும் கோஸ்லேமே நம் மடித்த சப்பாத்தியைப் போலவே இருக்கும். ஏமாற்றுவது பருப்புச் சூப்பும் சோறும்தான். பார்வைக்குச் சுத்த சைவம். ஆனால் பல இடங்களில் இறைச்சி அல்லது கோழி வேகவைத்த நீரில் செய்திருப்பார்கள். 'எத்சிஸ்' என்றால் இறைச்சித் துண்டு இல்லாதது என்று மட்டுமே புரிந்துகொள்வார்கள். 'எத் சுயு', அதாவது இறைச்சி வேகவைத்த நீர், கலந்ததா என்று தனியாகக் கேட்க வேண்டும். படகுச் சுற்றுலாவில் மதிய உணவு பெரும்பாலும் மீன் அல்லது கோழி என்பதால் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை அங்கே நான்கு நாளுக்கு மேல் நீளும், அந்த வாரம் துருக்கியர்கள் அனைவரும் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். விடுதியைப் பதிவு செய்யுமுன் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

செங்காங் வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. குழுப் பயணத்தைக் கைவிட்டுவிட்டோம். கேட்க மறந்த ஒன்று: தந்தையார் இங்கே நிரந்தரவாசி, இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கிறார். எங்கள் நால்வருக்கும் சிங்கப்பூர்க் கடப்பிதழ். மெய்ஸ் தீவுப் பயணத்தில் இதனால் சிக்கல் வருமா? பாராகிளைடிங்கைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அது ஆபத்து என்பதாலா?

---

முக்குளிப்பவன் எழுதியது:

முதலில் கடப்பிதழ். உங்கள் நால்வருக்கும் துருக்கிக்கும் கிரீஸுக்கும் விசா தேவையில்லை. தந்தையாருக்கு இரண்டுக்கும் தேவை. மெய்ஸ் கண்ணுக்கெதிரே இருந்தாலும் கிரீஸின் மண். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா இல்லாமல் படகில் ஏற்ற மாட்டார்கள். அது இருந்தாலும், துருக்கி விசா ஒருமுறை மட்டும் நுழையத்தக்கதாக இருந்தால் அரைமணி நேரத்தில் போன தீவிலிருந்து திரும்பி வர முடியாது. அந்தப் பிற்பகலில் ஒருவர் அவருடன் காஷ் துறைமுகத்தில் தங்கிவிடுவதே எளிது.

பாராகிளைடிங்கைவிட, உங்கள் மகன் போட்டுள்ள வரிசைதான் எனக்குக் கவலை தருகிறது. இரண்டு நாள் தொடர்ந்து முக்குளித்தவரின் உடலில் நைட்ரஜன் கரைந்து தங்கியிருக்கும். உயரம் செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால் அது குமிழிகளாக வெளிவரும். அதனால்தான், பல நாள் முக்குளித்தவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வழக்கம். பலர் இதை விமானத்துக்கு மட்டும் உரிய விதி என்று நினைக்கிறார்கள். ஓலுடெனிஸில் பறப்பதற்காக ஏறும் பாபாதாக் மலையின் உச்சி 1,969 மீட்டர். புறப்படும் முக்கிய மேடைகள் 1,700 மீட்டரிலும் அதற்கு மேலும் இருக்கின்றன. அங்குள்ள காற்றழுத்தம் விமான அறைக்குள் இருக்கும் அழுத்தத்தை நெருங்கிவிடும். பிற்பகலில் முக்குளித்துவிட்டு மறுநாள் காலையில் அங்கே நிற்பது கூடவே கூடாது.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். தாலமானில் இறங்கி, ஓலுடெனிஸில் முதலில் பறந்துவிடுங்கள். காற்று சரியில்லை என்று ஒருநாள் ரத்தானால் மறுநாள் கிடைக்கும்படி அங்கே இரண்டு மூன்று இரவு தங்குங்கள். விமானி பின்னால் கட்டிக்கொண்டு பறப்பதால் உங்களுக்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை, ஆனால் வயது, எடை வரம்புகளையும் மகளுக்குப் பெற்றோர் கையொப்பம் வேண்டுமா என்பதையும் முன்பே கேளுங்கள். பயணக் காப்புறுதிப் பத்திரத்தில் பாராகிளைடிங், முக்குளிப்பு என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். விலக்கப்பட்டவை என்ற பகுதியில்தான் பெரும்பாலும் இருக்கும், கூடுதல் தொகை கட்டினால் சில திட்டங்களில் சேர்ப்பார்கள். பிறகு பட்டாரா, காஷ். முக்குளிப்பை முடித்த மறுநாள் கேகோவாவில் கயாக்; அது கடல் மட்டம், தொல்லையில்லை. அடுத்துச் சிராலி. அங்கே மலைப்பாறையின் வெடிப்புகளிலிருந்து கசியும் வாயு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக எரிந்துகொண்டிருக்கும் யனார்த்தாஷைப் பொழுது சாய்ந்த பின் கைவிளக்குடன் ஏறிப் பாருங்கள். வழிகாட்டி வேண்டாம், நல்ல காலணி போதும். 2,365 மீட்டர் தஹ்தாலிக் கேபிள் காரை அதற்கும் அடுத்த நாள் வைத்துக்கொண்டால் மகனின் உடலுக்கு நேரம் தாராளமாகக் கிடைத்துவிடும்.

ஜூனில் காஷின் கடல்நீர் 23, 24 பாகைதான் இருக்கும். தியோமான் நீருக்குப் பழகியவன் மெல்லிய உடையோடு குதித்தால் இருபது நிமிடத்தில் பல் கிட்டிவிடும். ஐந்து மில்லிமீட்டர் உடையை அங்கேயே வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

---

செங்காங் வாசி எழுதியது:

மகனிடம் காட்டினேன். பாடத்தில் படித்ததுதானே என்று கேட்டதற்கு, விமானம் என்றுதான் எழுதியிருந்தது, மலை என்று எழுதவில்லை என்கிறான். விமானச் சீட்டு இன்னும் வாங்கவில்லை. தாலமானில் இறங்கி அந்தாலியாவில் ஏறுவதாக மாற்றிவிட்டோம். மெய்ஸ் வேண்டாம் என்று தந்தையார் அவராகவே சொல்லிவிட்டார். பாபாதாக் மலைக்கும் கேபிள் கார் இருக்கிறது என்பதை எங்கோ படித்துவிட்டு, பேரப்பிள்ளைகள் குதிப்பதை மேலே நின்று பார்ப்பேன் என்கிறார். இதய மருத்துவரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன்.