புதுப்பிப்பு: காயத் தடுப்பு கோடை இன்டர்ன்ஷிப்புக்கு எந்தத் தரவு?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் காயம், வன்முறைத் தடுப்பு மையங்களுக்கு விண்ணப்பிப்பது பற்றிப் போன இழையில் எழுதியிருந்தேன். பத்து வார இன்டர்ன்ஷிப்பில் எந்தத் தரவை வைத்து ஓர் ஆய்வை முடிக்கலாம் என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள்.

சிடிசியின் (அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம்) வன்முறை மரணப் பதிவேட்டை (என்விடிஆர்எஸ்) ஆசைப்பட்டு எடுக்காதீர்கள். முழு விவரக் கோப்புக்குத் தனி அனுமதி வேண்டும். கோடைக்குள் நடக்கிற காரியமில்லை.

துப்பாக்கி மரணங்களுக்கு சிடிசி வொண்டரே (இறப்பு எண்ணிக்கைகளைத் தேடி எடுக்கும் பொது இணையதளம்) போதும். இறப்புக் காரணங்களுக்கான சர்வதேசக் குறியீடுகளான ஐசிடி-10-இல் தற்கொலை எக்ஸ்72–74, கொலை எக்ஸ்93–95, தவறுதலாக வெடித்தது டபிள்யூ32–34. நோக்கம் தெரியாத ஒய்22–24, காவல்துறை நடவடிக்கையான ஒய்35.0 இரண்டையும் விட்டுவிட்டு மொத்தம் போடுவதுதான் வழக்கமான சறுக்கல். கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) அளவில் 10-க்குக் கீழான எண்ணிக்கையை மறைத்துவிடுவார்கள். அப்படி மறைத்த இடத்தில் பூஜ்யம் போட்டால் ஆய்வே போச்சு. அதற்குப் பதில் பல வருடங்களைச் சேர்த்து எடுங்கள். மரண எண்ணிக்கை 20-க்குக் கீழே இருந்தால் விகிதமும் நம்பகமற்றது.

சாலை மரணத்துக்கு எஃப்ஏஆர்எஸ் (அமெரிக்க அரசின் சாலை விபத்து மரணத் தரவு): 1975 முதல், இலவசம். ஆனால் பொதுச் சாலை விபத்தில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் மட்டுமே. வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்த கார் குழந்தைமேல் ஏறியது இதில் வராது.

மருத்துவமனைப் பதிவேடு என்றால், மனித ஆய்வு நெறிமுறைச் சான்றிதழைச் சேரும் முன்பே வாங்கிவிடுங்கள்.